ஒரு பழைய காரின் புகைக்குழாய்



மோட்டார் காரின் பின்புறத்தில், தரையை ஒட்டினாற்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் அதைச் சைலன்சர் என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் சைலன்சர் என்பது அந்தக் குழாயின் வழியில் அமைந்திருக்கும் ஒரு பெட்டிதான். எஞ்சினில் தொடங்கி வண்டியின் கடைசி வரையில் நீளும் முழு அமைப்பையும் நாம் இன்று புகைக்குழாய் என்று அழைப்போம். காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தைப் பேசுவார்கள், அழகைப் பேசுவார்கள், விலையைப் பேசுவார்கள். புகைக்குழாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகச் சிலரே. எரிந்து முடிந்த புகை வெளியே போகும் வழிதானே, அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழை என்று ஒரு பழைய கார் எனக்குக் கற்பித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கட்டிய சம்பளமும் குறைவன்று.

1997-ஆம் ஆண்டில் நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், பொறியாளனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைப் பிராயத்திலிருந்தே எனக்குக் கார்களின்மீது மோகம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், பத்து ஆண்டு ஓடிய போர்ஷே 944 டர்போ ஒன்றை விலைக்கு வாங்கினேன். 1985-இல் வெளிவந்த வகை அது. நான்கு சிலிண்டர்கள், எஞ்சினின் கொள்ளளவு இரண்டரை லிட்டர், ஆற்றல் 220 குதிரைத்திறன். டர்போ இல்லாமல் அதே அளவுள்ள எஞ்சின் அந்த வரிசையின் முதல் கார்களில் 163 குதிரைத்திறனையே தந்தது. மிகுதியான 57 குதிரைகள் எங்கிருந்து வந்தன? வீணாகப் போகும் புகையிலிருந்துதான் வந்தன. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆகையால் இதைச் சற்று விளக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். அதிகக் காற்றை உள்ளே செலுத்தினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். அதிக ஆற்றலைப் பெறலாம். காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஒரு விசிறி வேண்டும். அந்த விசிறியைச் சுழற்ற எஞ்சினின் ஆற்றலையே செலவிடாமல், வெளியே போகும் புகையைக்கொண்டு சுழற்றினால் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. 1905-ஆம் ஆண்டிலேயே அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்வதே டர்போவின் வேலை. ஓர் அச்சின் ஒரு முனையில் புகையால் சுழலும் சக்கரம். அதற்கு டர்பைன் என்று பெயர். மறுமுனையில் காற்றை அழுத்தும் சக்கரம். இரண்டும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியவை. பொதுமக்கள் வாங்கும் கார்களில் டர்போ முதன்முதலாக இடம்பெற்றது 1962-இல், அமெரிக்காவில்.

இப்போது புகையின் பயணத்தைக் கவனியுங்கள். அது சிலிண்டரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவருகிறது. கடும் வேலை செய்யும்போது அதன் வெப்பம் 900 டிகிரி சென்டிகிரேடு வரையிலும் போகும். டர்பைனைச் சுழற்றிவிட்டு, பிறகு நஞ்சு நீக்கும் வினையூக்கிப் பெட்டியைக் கடந்து, சைலன்சரைக் கடந்து, வெளியேறுகிறது. டர்பைனுக்கு முன்னால் உள்ள வழி சூடு குன்றாமலும், காற்றுக் கசியாமலும் இருக்கவேண்டும். என் காரை வடித்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். புகை வெளிவரும் வாய்களில் பீங்கான் போன்ற பொருளால் உள்ளுறை பதித்து, சூடு சிதறாதபடி காத்திருந்தார்கள். டர்பைனுக்குப் பின்னால் உள்ள வழிக்கு இலக்கணம் வேறு. அங்கே எவ்வளவு தடை குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

ஏன் என்று கேட்பீர்கள். டர்பைன் சுழல்வது அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தால். முன்பக்கத்தில் வளிமண்டலத்தைப்போல் 2 மடங்கு அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் உள்ள குழாய் குறுகலாக இருந்து, அங்கே 1.4 மடங்கு தேங்கினால், விகிதம் ஏறக்குறைய 1.43. குழாயை அகலமாக்கிப் பின்பக்க அழுத்தத்தை 1.1 ஆகக் குறைத்தால், விகிதம் 1.82. அதே புகை அதிக வேலை செய்யும். டர்போ விரைவில் விழித்துக்கொள்ளும். குழாயின் குறுக்களவை இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலமாக்கினால், அரை அங்குலம்தானே கூடியது என்று தோன்றும். ஆனால் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 44 பங்கு கூடியிருக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். என் கார் அக்காலத்தில் சற்றுச் சோம்பலாக ஓடிற்று. மேடு ஏறும்போது அதன் டர்போ மெதுவாகத்தான் வேகம் எடுத்தது. பழைய குழாயிலும் துரு ஏறியிருந்தது. இதற்கு மருந்து அகலமான புகைக்குழாய்தான் என்று முடிவு கட்டினேன். ஒரு கடைக்காரர் மூன்று அங்குலக் குழாயையும், சைலன்சர் என்று பெயரளவில் சொல்லத்தக்க ஒரு சிறு உருளையையும் பொருத்திக் கொடுத்தார். இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது.

எஞ்சினை முடுக்கினேன். அப்பப்பா, அந்த முழக்கத்தை என்னவென்று சொல்வேன்! சிங்கம் ஒன்று குகையிலிருந்து புறப்பட்டாற்போல் இருந்தது. மிதியை அழுத்த அழுத்த, கார் முன்னைவிட இரு மடங்கு வேகமாகப் பாய்வதாக எனக்குத் தோன்றியது. நண்பர்களை ஏற்றிக்கொண்டு சென்று காட்டினேன். அவர்களும் வியந்தார்கள். ஒருவர் மட்டும், "கடிகாரம் வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சற்றுக் கசப்பாகத்தான் இருந்தது.

நல்ல வேளையாக, குழாயை மாற்றுவதற்கு முன் நான் ஒரு கணக்கு எடுத்து வைத்திருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு மேட்டுச் சாலை. அங்கே மூன்றாம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டரை எட்டுவதற்கு என் காருக்கு ஆறரை வினாடி பிடித்தது. அந்நாட்டில் ஊர்ப்புறச் சாலைகளில் 100 கிலோமீட்டர்தான் எல்லை. ஆகவே சட்டத்தையும் மீறவில்லை. இப்போது அதே சாலையில், அதே கியரில், மறுபடியும் அளந்தேன். ஆறேமுக்கால் வினாடி! நம்பிக்கை இல்லாமல் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே விடை. இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவழித்து, காரைக் கால் வினாடி மந்தமாக்கியிருந்தேன். காது சொன்னது ஒன்று. கடிகாரம் சொன்னது வேறொன்று.

மலைப்பகுதியில் சிறு பட்டறை வைத்திருந்த ஒரு முதியவரிடம் காரைக் கொண்டுபோனேன். ஜெர்மனியில் ஒரு தொழிலை முறையாகக் கற்று, தேர்வெழுதி, பிறருக்குக் கற்பிக்கும் தகுதியும் பெற்றவரை மைஸ்டர் என்பார்கள். அவர் அத்தகையவர். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். புதிய குழாயை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரை உயரத் தூக்கி, எஞ்சினுக்கு அடியில் கைவிளக்கைக் காட்டினார். அந்தக் காரில் புகை வெளிவருவது எஞ்சினின் ஒரு பக்கம். டர்போ இருப்பது மறுபக்கம். இரண்டையும் இணைப்பது ஒரு குறுக்குக் குழாய். அதன் இணைப்பில், மை தீட்டினாற்போல் ஒரு கரிக்கோடு தெரிந்தது.

"இது என்ன?" என்று கேட்டார்.

"கரி" என்றேன்.

"கரி அல்ல. உங்கள் டர்போவுக்குச் சேரவேண்டிய கூலி வழியிலேயே திருட்டுப் போகிறது" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பத்து ஆண்டு வெப்பத்தில் அந்த இணைப்பு முன்னமே தளர்ந்து கசிந்துகொண்டிருந்தது. காரின் பழைய சோம்பலுக்கு அதுவே காரணம். புதிய குழாயைப் பொருத்தும்போது இழுத்ததில் கசிவு இன்னும் பெரிதாகிவிட்டது. டர்பைனைச் சுழற்றவேண்டிய புகை டர்பைனை அடையுமுன்பே ஓடிப்போனால், பின்னால் எவ்வளவு அகலமான ராஜபாட்டை போட்டும் என்ன பயன்? நோய் ஓரிடத்தில் இருக்க, நான் மருந்தை வேறோர் இடத்தில் பூசியிருந்தேன். காரைப் பற்றி எனக்கு ஏட்டில் எல்லாம் தெரியும். அடியில் குனிந்து பார்க்கத்தான் தெரியவில்லை.

அந்த இணைப்பின் அடைப்பையும் போல்ட்டுகளையும் மாற்றினார். கூலி மிகச் சொற்பம். மறுபடி மேட்டுச் சாலைக்குப் போனேன். ஐந்தேகால் வினாடி! நான் ஆனந்தத்தில் திளைத்தேன். ஆனால் அந்த ஆனந்தம் நான்கு நாள்கூட நீடிக்கவில்லை. வெயில் கடுமையாக இருந்த ஒரு பிற்பகலில், நெடிய ஏற்றத்தில், கார் திடீரெனத் தளர்ந்தது. ஆற்றல் குறைந்தது, சற்று நேரம் சென்று மீண்டது, மறுபடி குறைந்தது.

மீண்டும் முதியவரிடம் போனேன். உருளைகளின்மீது காரை நிறுத்தி ஓடவிட்டு ஆற்றலை அளக்கும் நிலையம் ஒன்றுக்கு அவர் என்னை அழைத்துச் சென்றார். அங்கே உண்மை வெளிப்பட்டது. வழி அகன்றதால் டர்போ முன்னைவிட அதிகக் காற்றைச் செலுத்தியது. அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோல் வந்து சேரவில்லை. பழைய பெட்ரோல் வடிகட்டி பாதி அடைபட்டிருந்தது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் சிலிண்டருக்குள் வெப்பம் எல்லை மீறும். கலவை உரிய நேரத்தில் சீராக எரியாமல் தானாகவே வெடிக்கும். இதைத் தட்டல் என்பார்கள். பலத்த தட்டல் சில நிமிடம் நீடித்தால்கூடப் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடக்கூடும். என் காரில் தட்டலைக் கேட்டறியும் ஒரு மின்னணுக் காவலாளி இருந்தது. ஆபத்தை உணர்ந்ததும் அது தீப்பொறியைத் தாமதப்படுத்தி, டர்போவின் அழுத்தத்தையும் குறைத்து, எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கார் தளர்ந்துவிட்டது என்று நான் சினந்தேனே, அந்தத் தளர்ச்சிதான் என் எஞ்சினின் உயிரைக் காத்தது.

வடிகட்டியை மாற்றினோம். பெட்ரோலின் அழுத்தத்தைச் சரிபார்த்தோம். புகையில் மிஞ்சும் பிராணவாயுவை அளந்து, கலவை எல்லா வேகத்திலும் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டோம். அதன் பிறகுதான், அந்த அகலமான குழாய் தனக்குரிய பயனைத் தந்தது.

நேயர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை ஒரு எஞ்சின் கதை என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்னும் ஒருவருடைய கணக்குத் தீரவேண்டியிருந்தது. நான் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் மருத்துவமனைத் தாதி ஒருவர் வசித்துவந்தார். இரவெல்லாம் நோயாளிகளுக்குப் பணிசெய்துவிட்டு, விடியற்காலையில் வந்து உறங்குவார். நான் வேலைக்குப் புறப்படுவதும் அதே வேளையில்தான். ஒரு நாள் மாலை படிக்கட்டில் என்னைக் கண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "உங்கள் கார் மிக அழகாக இருக்கிறது. அது புறப்படும் நேரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நானும் ஏதேனும் பதில் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன பதில் சொல்வது?

அன்று இரவு சைலன்சரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் புகையை ஓர் அடியாக, ஒரு துடிப்பாக வெளியேற்றுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழன்றால், வினாடிக்கு 100 துடிப்புகள். காருக்குள் காதை அடைக்கும் அந்தத் தாழ்ந்த ரீங்காரம் இதுதான். சைலன்சர் இதை இரு வகையில் அடக்குகிறது. ஒரு வகை, துளையிட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சுபோன்ற இழைகளை அடைத்து, ஒலியை உறிஞ்சிக்கொள்வது. உயர்ந்த ஒலிகளுக்கு இது ஏற்றது. மற்றொரு வகை, பல அறைகளை அமைத்து, ஒலி அலை திரும்பிவந்து தன்னைத்தானே எதிர்த்து அழித்துக்கொள்ளும்படி செய்வது. தாழ்ந்த ஒலிகளுக்கு இது ஏற்றது. எனக்குக் கடைக்காரர் பொருத்திய சிறு உருளையில் முதல் வகை மட்டும், அதுவும் சிறிதளவே இருந்தது. டெசிபல் அளவில் 3 மட்டும் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிவிடுகிறது என்பதையும் அன்றுதான் மனத்தில் பதித்துக்கொண்டேன்.

சட்டமும் என் பக்கம் இல்லை. ஜெர்மனியில் கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குப் போகவேண்டும். ஒலியையோ புகையின் தூய்மையையோ கெடுக்கும்படி காரை மாற்றினால், சாலையில் ஓட்டும் உரிமமே அற்றுப்போகும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: சட்டத்துக்கு அஞ்சி நான் மாறவில்லை. படிக்கட்டில் கண்ட அந்தக் களைத்த முகத்துக்காகவே மாறினேன். பெரிய அறைகளும் அகன்ற உள்வழியும் உடைய, அங்கீகாரம் பெற்ற சைலன்சர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். மேட்டுச் சாலையில் மறுபடி அளந்தேன். வேறுபாடு என் கடிகாரத்துக்கு எட்டவில்லை! நான் இவ்வளவு நாள் முழங்கிக்கொண்டிருந்தது வேகத்துக்காக அன்று, வெறும் முழக்கத்துக்காகவே என்பது தெளிவாயிற்று.

வினையூக்கிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிடும்படியும் சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். அதற்குள் பிளாட்டினம், ரோடியம் முதலிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. உயிரைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடை அவை பெருமளவு தீங்கற்றதாக மாற்றுகின்றன. என் காரை அந்தப் பெட்டியோடும், பெட்டி இல்லாமலும் விற்றபோது, இரண்டுக்கும் ஒரே 220 குதிரைத்திறனைத்தான் செய்தவர்கள் குறித்திருந்தார்கள். பிறகு எதற்காக அதைக் கழற்றவேண்டும்? அதை விட்டுவைத்தேன்.

இன்னும் ஒரு செய்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கார் நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். அருகில் உள்ள கடைக்கு மட்டும் போய்வந்தால், அது சைலன்சருக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து துருவை வளர்க்கும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போட்டாலும் வேறொரு கவலை உண்டு. ஒரு மீட்டர் நீளக் குழாய் 500 டிகிரி சூடேறினால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆகவேதான் அதை இறுக்கிக் கட்டாமல், ரப்பர் வளையங்களில் தொங்கவிடுகிறார்கள். நீளவும் சுருங்கவும் இடம்கொடாமல் முடுக்கிவிட்டால், எங்கேனும் ஓர் இணைப்பு விரிசல் காணும். என் குறுக்குக் குழாயின் கதை நினைவிருக்கட்டும்.

மாணவ நண்பர்களே, நம் தெருக்களில் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, வானம் அதிர ஓட்டும் இளைஞர்களை நீங்களும் பார்க்கிறீர்கள். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. நானும் அதே மயக்கத்தில் இருந்தவன். ஒரு யந்திரத்தைச் செம்மைப்படுத்த விரும்புவது நல்ல விருப்பமே. அந்த விருப்பத்திலிருந்துதான் பொறியியல் பிறந்தது. ஆனால் புதியதைச் சேர்ப்பதற்கு முன், பழையது பழுதின்றி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மாற்றுவதற்கு முன்னும் அளந்துகொள்ளுங்கள். மாற்றிய பின்னும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் காது உங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்லும். கடிகாரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. பிறகு, நீங்கள் பெறும் லாபத்துக்கு வேறு யாரேனும் விலை கொடுக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நான் அந்த ஊரை விட்டுப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, மேல்மாடித் தாதியை மறுபடி படிக்கட்டில் சந்தித்தேன். "காரை விற்றுவிட்டீர்களா? இப்போதெல்லாம் சத்தமே கேட்பதில்லையே" என்று விசாரித்தார். விற்கவில்லை, நாள்தோறும் அதில்தான் போகிறேன் என்றேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மாடி ஏறிப்போனார். அந்தக் காருக்கு அதுவரையில் கிடைத்த பாராட்டுகளில் எல்லாம் சிறந்தது அதுவே என்று இன்றும் கருதுகிறேன்.